காய், கனி, கொடிக்காய்: குறுக்கெழுத்தை நிரப்பவும் நீங்களே அமைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தில் ஒரு பழமோ ஒரு கொடிக்காயோ இல்லாமல் இருப்பது அரிது. சின்னச் சொற்கள், எல்லோருக்கும் தெரிந்தவை, கட்டத்தில் எங்கே இடம் மிஞ்சினாலும் செருகிவிடலாம். ஆனால் பலர் சிக்கி நிற்பதும் இந்தக் கட்டங்களில்தான், ஏனென்றால் ஒரே காய்க்குச் சந்தையில் ஒரு பெயர், பாடப்புத்தகத்தில் ஒரு பெயர், இந்தியச் சஞ்சிகையில் இன்னொரு பெயர், பழைய நிகண்டில் நாலாவது பெயர் என்று கிடக்கிறது. மட்டக்களப்பில் பப்பாசி என்று வாங்குவதைக் கட்டம் பப்பாளி என்று கேட்கும். நாங்கள் வத்தகைப்பழம் என்பதை அது தர்ப்பூசணி என்று எதிர்பார்க்கும்.

நான் சொல்லும் முறையில் குறிப்பை முதலில் நம்ப வேண்டாம், கட்டத்தை நம்புங்கள். எத்தனை எழுத்து, மெய்யெழுத்து எந்த இடத்தில், கடைசி எழுத்து எது என்ற மூன்றும் கைக்கு வந்துவிட்டால், குறிப்பு எவ்வளவு சுற்றி வளைத்தாலும் விடை தப்பாது.

முதற்படி: எண்ணுங்கள்

உயிரெழுத்து ஒரு கட்டம், உயிர்மெய் ஒரு கட்டம், மெய்யும் ஒரு கட்டம். பூசணி மூன்று (பூ, ச, ணி), வெள்ளரி நான்கு (வெ, ள், ள, ரி), பாகற்காய் ஐந்து (பா, க, ற், கா, ய்). இதில் எல்லோருக்கும் பழக்கம் உண்டு. பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: மரம் அல்லது கொடியின் பெயரோடு 'பழம்' சேர்ந்தால் நான்கு கட்டம் கூடும், 'காய்' அல்லது 'கனி' சேர்ந்தால் மூன்று கட்டம் கூடும். நடுவில் வரும் ஒற்றும் ஒரு கட்டத்தைப் பிடிப்பதால்தான் இப்படி. பலா இரண்டு, பலாக்காய் ஐந்து, பலாப்பழம் ஆறு. மா ஒன்று, மாங்காய் நான்கு, மாங்கனியும் நான்கு, மாம்பழம் ஐந்து. சுரை இரண்டு, சுரைக்காய் ஐந்து. பீர்க்கு நான்கு, பீர்க்கங்காய் ஏழு. மாதுளை மூன்று, மாதுளம்பழம் ஏழு. 'ல்' என்று முடியும் பெயர்கள் இந்தக் கணக்குக்கு அடங்காது. அங்கே ஒற்று புதிதாகச் சேராமல், இருக்கிற ல் ற் ஆக மாறிவிடும். அதனால் பாகல் மூன்று, பாகற்காய் ஐந்து. நாவல் மூன்று, நாவற்பழம் ஆறு.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், குறிப்பில் 'கசக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் பாகலா பாகற்காயா என்று யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதேபோல் இன்னொரு விடைக்கு ஆறு கட்டம், கடைசியில் ம் என்று தெரிந்தால், கடைசி மூன்றிலும் ப, ழ, ம் என்று பென்சிலால் மெதுவாக எழுதிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு ஒற்றுக்கு இடம் விட்டு, மிச்சம் இரண்டு எழுத்தில் என்ன மரம் என்று பாருங்கள்: பலா, வாழை, விளா, பாலை, தோடை. பனம்பழமும் இதே ஆறுதான். ய் என்று முடிந்தால் அதற்கு முன் அநேகமாகக் கா.

இரண்டாம் படி: மெய்யெழுத்து எங்கே

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் தமிழ்க் குறுக்கெழுத்தின் பலமே இதில் இருக்கிறது. எந்தத் தமிழ்ச் சொல்லும் மெய்யில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. ஆகவே மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்குகிற கட்டத்தில், குறுக்கே போகும் உங்கள் விடை ஒரு மெய்யை வைத்தால் அந்த விடை பிழை. அழிறப்பரை எடுங்கள்.

க், ச், த், ப் நான்கும் தன் இனத்தோடு மட்டும்தான் நிற்கும். த் வந்தால் அடுத்தது த வரிசை (அத்தி, நாரத்தை, வத்தகை), ப் வந்தால் ப வரிசை. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். திராட்சையில் ட் பக்கத்தில் சை நிற்கிறது, பாகற்காயில் ற் பக்கத்தில் கா. ங் வந்தால் பின்னால் க வரிசை, ந் வந்தால் அநேகமாகத் த வரிசை (இலந்தை), ஞ் வந்தால் அநேகமாகச் ச வரிசை. ஒரு மெய் கிடைத்தால் அடுத்த கட்டம் பாதி கிடைத்த மாதிரி.

இரண்டு மெய் அடுத்தடுத்து வந்தால் இன்னும் நல்லது. அப்படி வர முதல் மெய் ய், ர், ழ் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும், காய்கனி உலகில் அது பெரும்பாலும் ர். பீர்க்கு, பீர்க்கங்காய், தர்ப்பூசணி, நார்த்தங்காய். ஏழு கட்டம், இரண்டாவதும் மூன்றாவதும் மெய் என்று தெரிந்தால் முதலெழுத்து பீயா நாவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மூன்றாம் படி: இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்தறிதல்

எண்ணிக்கையும் பல வேளை கடைசி எழுத்தும் ஒன்றாகவே இருந்து ஏமாற்றும் சோடிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னாசி, பப்பாசி: இரண்டும் நான்கு, இரண்டும் சி, இரண்டிலும் இரண்டாவது எழுத்து மெய். குறிப்பில் 'கண்கள் பல உண்டு, பார்வை இல்லை' என்றால் அன்னாசி. 'ஆண்மரம் பெரும்பாலும் காய்க்காது' என்றால் பப்பாசி. இந்தியாவில் அமைத்த கட்டம் என்றால் பப்பாளி வரும், அதுவும் நான்குதான், கடைசி எழுத்தில் மட்டும் வித்தியாசம். ஆகவே கடைசி எழுத்தைக் குறுக்கே வரும் சொல் உறுதிசெய்யும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

வெள்ளரி, கெக்கரி, கத்தரி: மூன்றும் நான்கு, மூன்றும் ரி. கத்தரி செடி, மற்ற இரண்டும் கொடி. 'கொடி' என்று குறிப்பில் ஒரு சொல் இருந்தாலே ஒன்று கழன்றுவிடும். 'பழுத்தால் வெடிக்கும்' என்றால் வெள்ளரி, எங்கள் பக்கம் வெயில்காலத்தில் தெருவோரத்தில் வாழைமட்டையில் கட்டி வைத்து விற்கும் வெள்ளரிப்பழத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறிப்பை விளக்கவே தேவையில்லை, சீனி போட்டுப் பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு இன்னும் தேவையில்லை.

புடோல், புடலை: இரண்டும் மூன்று, முதலெழுத்தும் ஒன்று. பாகல், நாவல், புடோல் மூன்றும் ல் என்று முடியும் மூன்றெழுத்து. றம்புட்டான், மங்குஸ்தான் இரண்டும் ஆறு, இரண்டும் ன். தேசிக்காய் ஐந்து, எலுமிச்சையும் ஐந்து. இங்கே இரண்டாவது எழுத்தே போதும்: சி என்றால் தேசிக்காய், லு என்றால் எலுமிச்சை.

இரண்டெழுத்தில் ரை என்று முடிவது இன்னும் தொல்லை: சுரை, சூரை, வீரை, காரை. சுரை கொடி. சூரையும் காரையும் முள் உள்ளவை. வீரை காட்டு மரம். குறிப்பில் 'முள்' வந்தால் சூரையா காரையா என்பதை முதலெழுத்துத்தான் சொல்ல வேண்டும்.

முந்திரிகை பற்றி ஒரு எச்சரிக்கை. இலங்கைக் கட்டத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. கொட்டை தருவது மரமுந்திரிகை. இந்தியக் கட்டத்தில் முந்திரி என்றால் கொட்டை. கட்டம் எங்கே தயாரானது என்பதை முதலில் பாருங்கள்.

நான்காம் படி: குறிப்பின் சாயலை அறிதல்

நேர்க் குறிப்புகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'முக்கனிகளில் ஒன்று' என்றால் மா, பலா, வாழை. ஓரெழுத்துக் கட்டம் வழக்கமாக இருக்காது, ஆகவே இரண்டெழுத்தில் பலா அல்லது வாழை. அடுத்து பழமொழியும் கதையும். 'ஏட்டில் இருந்தால் கறிக்கு உதவாது' சுரைக்காய். 'முழுதாய்ச் சோற்றில் மறைக்கப் பார்த்தது' பூசணிக்காய். 'அதியமான் ஔவைக்குக் கொடுத்தது' நெல்லிக்கனி. 'காரைக்கால் அம்மையார் கதையில் வருவது' நான்கு என்றால் மாங்கனி, ஐந்து என்றால் மாம்பழம். 'இது இருப்பக் காய் கவர்ந்தற்று' என்று நூறாவது குறளைப் பாதியாக வெட்டிக் கேட்டால் கனி. தேவாரத்தில் 'செவ்வாய்'க்கு உவமை என்றால் கொவ்வை.

பழம்பெயர்க் குறிப்புகள்தான் அநேகரை விழுத்துவது. 'சூதம்' என்று மட்டும் குறிப்பில் கிடக்கும், நீங்கள் சூதாட்டத்தை நினைத்துக்கொண்டிருப்பீர்கள், விடை மா வகை. பனசம் பலா, தாடிமம் மாதுளை, ஆமலகம் நெல்லி, கபித்தம் விளா, அலாபு சுரை, கூசுமாண்டம் பூசணி. தொண்டை, விம்பம் இரண்டும் கொவ்வை. அரம்பை என்றால் தேவலோக நடனப் பெண்ணும்தான் வாழையும்தான். கதலி என்றால் வாழைக்கே பொதுப்பெயர், எங்கள் கடைகளில் அது ஒரு வாழை இனம். சூடாமணி நிகண்டில் நான்காவது தொகுதி மரப்பெயர்த் தொகுதி, அதை ஒருதரம் பொறுமையாக வாசித்தால் பல மாதக் குறுக்கெழுத்துக்குப் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இதற்கு உதவும்.

பிஞ்சுக்கும் பழுதுக்கும் தனிப்பெயர் கேட்பதும் உண்டு. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை பனையின் பிஞ்சு குரும்பை. சூட்டில் வெம்பிப் பழுத்தது வெம்பல், குளுகுளுத்துப் போனது அளியல், சுருங்கியது சிவியல். பலாவில் சுளை இறுகி இருந்தால் வருக்கை, குழைந்து இருந்தால் கூழன். இந்தச் சொற்கள் பேச்சிலிருந்து மெல்ல மெல்லக் கழன்று போகின்றன, குறுக்கெழுத்து அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு சொல் விளையாட்டு. 'மரத்தில் ஓட்டை, உள்ளே முத்து' என்றால் மாவும் துளையும் சேர்ந்து மாதுளை. 'பாட்டும் கல்லும் சேர்ந்தால் கசக்கும்' என்றால் பாகல். 'வாசிக்கவும் நன்று, வாயை ஊதாவாக்கவும் நன்று' நாவல். 'கடலில் மிதக்கும், குலையிலும் தொங்கும்' கப்பல், அந்த வாழையினம் தெரியாதவருக்கு இது எட்டாது. இந்த மாதிரிக் குறிப்பில் கேள்வியை இரண்டாக வெட்டிப் பாருங்கள்: ஒரு துண்டு சொல்லின் உறுப்பைச் சொல்லும், மற்றது காயைச் சொல்லும்.

ஊர்ப்பெயரை வைத்தும் கேட்கலாம், எங்கள் மாவட்டங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. 'மட்டக்களப்பு நகரின் தீவில் ஒரு புளிப்பு' புளி (புளியந்தீவு). நாவற்குடாவில் நாவல், வாழைச்சேனையில் வாழை, ஈச்சந்தீவில் ஈச்சை, மாங்காட்டில் மா, அக்கரைப்பற்றுப் பக்கம் பனங்காட்டில் பனை. 'காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே வரிசையாய் நிற்பது' என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் பேரீச்சை என்று எழுதும்.

கடைசியாக அடைப்புக்குறிகள். '(திரும்பியுள்ளது)' என்றால் விடை பின்னாலிருந்து முன்னுக்கு எழுதப்படும்: பலா லாப ஆகும். '(குழம்பியுள்ளது)' என்றால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். குழம்பிய விடை ஒன்றில் ப, ழ, ம் மூன்றும் கண்ணில் பட்டால் அவற்றை உடனே வெளியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் அடுக்குங்கள். ஆனால் குழம்பியுள்ள சொல்லில் மெய்க்கு நான் மேலே சொன்ன சட்டங்கள் எதுவும் செல்லாது, மெய் முதல் கட்டத்திலேயே கூட வந்து நிற்கும். ஆகவே அத்தகைய சொற்களைக் கடைசிக்கு விடுங்கள்.

ஐந்தாம் படி: நீங்களே ஒன்று அமையுங்கள்

பாடசாலைத் தமிழ்த் தினத்துக்கோ, நூலகச் சிறுவர் பகுதிக்கோ, கல்யாண வீட்டில் பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் ஓரிடத்தில் இருத்தவோ ஒரு காய்கனிக் குறுக்கெழுத்து செய்வது கடினமில்லை. சதுர றூள் கொப்பி, பென்சில், அவ்வளவுதான். 1913 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்ட முதற் கட்டமே சதுரமாக இருக்கவில்லை, வைர வடிவில் இருந்தது. ஆகவே நாலு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று தலையைப் போட்டு உடைக்க வேண்டாம். எங்கள் பத்திரிகைக் கட்டங்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடுவதால் வேலை இன்னும் சுலபம்.

முதலில் சொற்பட்டியல். இருபது எழுதினால் ஏழெட்டுத்தான் பொருந்தும், ஏனென்றால் தமிழில் இரண்டு சொற்கள் சந்திக்க உயிர்மெய் அப்படியே ஒத்துப்போக வேண்டும். பாவுக்குப் பா, சிக்குச் சி. பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர்களுக்கு முதலிடம் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வத்தகை, புடோல், கெக்கரி, பப்பாசி, தோடை, கொடித்தோடை, அன்னமுன்னா, ஈரப்பலா, பாலைப்பழம் எல்லாம் அச்சில் வரவேண்டிய சொற்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சேனையிலிருந்து வரும் பிள்ளைக்குத் தெரிந்த காய், அதற்குத் தெரிந்த பெயரிலேயே கட்டத்தில் இருந்தால் அது எழுதும் வேகமே வேறு.

மிக நீளமான சொல்லை ஓரத்தில் நிறுத்துங்கள். நான் பாலைப்பழத்தை இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வைத்தேன். அதன் நான்காவது எழுத்து ப, அதிலிருந்து குறுக்கே பப்பாசி. பப்பாசியின் சியில் வந்து முடியும்படி மேலிருந்து அன்னாசி. அன்னாசியின் அ ஒரு உயிரெழுத்து, உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும் என்பதால் அங்கே குறுக்கே போவதும் அ என்று தொடங்க வேண்டும்: அத்தி. அத்தியின் தியில் இருந்து கீழே திராட்சை. பப்பாசியின் நடுப் பாவில் இருந்து கீழே பாகல். பாகலின் ல்லில் முடிய வலமிருந்து இடமாக நாவல். இப்படி வந்தது:

பா ■ ■ அ த் தி
லை ■ ■ ன் ■ ரா
ப் ■ ■ னா ■ ட்
ப ப் பா சி ■ சை
ழ ■ க ■ ■ ■
ம் ■ ல் வ நா ■

இலக்கமிடும்போது மேல் வரிசையில் இடமிருந்து தொடங்குங்கள்: பா 1, அ 2, தி 3, நான்காம் வரிசையின் ப 4, பா 5, கடைசி வரிசையின் நா 6. நாவல் வலப்பக்கத்தில் தொடங்குவதால் இலக்கம் நாவில்தான் வர வேண்டும், ல்லில் போட்டுவிடாதீர்கள்.

குறிப்புகளை நான் இப்படி எழுதுவேன்.

மேலிருந்து கீழ்
1. காட்டில் பழுக்கும் சிறிய மஞ்சள் பழம், தின்றால் உதட்டில் பால் ஒட்டும் (6)
2. முடி சூடிய பழம், உடம்பெல்லாம் கண் (4)
3. நரிக்கு எட்டாததால் புளித்தது (4)
5. பாட்டும் கல்லும் சேர்ந்தால் கசக்கும் (3)

இடமிருந்து வலம்
2. பூவை வெளியே காட்டாமல் காய்க்கும், யானைக்கும் இதே பெயர் (3)
4. ஆண்மரம் பெரும்பாலும் காய்க்காது (4)

வலமிருந்து இடம்
6. சுட்டதா சுடாததா என்று மரத்திலிருந்த சிறுவன் ஔவையிடம் கேட்டது (3)

இந்தக் கட்டத்தில் பப்பாசியா பப்பாளியா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை, அன்னாசி வந்து கடைசி எழுத்தைச் சி என்று பூட்டிவிடுகிறது. நீங்கள் அமைக்கும்போதும் இரண்டு பெயருள்ள காய் எதுவானாலும், அந்தப் பெயர்கள் வேறுபடும் எழுத்தின் மேல் இன்னொரு சொல்லைக் கட்டாயம் ஓட்டுங்கள். புடோல் போட்டால் டோ அல்லது ல் மேல், தேசிக்காய் போட்டால் சி மேல். அப்படி ஓட்ட முடியாவிட்டால் அந்தக் காயை மாற்றுங்கள், அல்லது குறிப்பின் முடிவில் 'பேச்சு வழக்கு' என்று சேருங்கள். இரண்டு விடை சரியாக வரும் கட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒன்றை மட்டும் சரி என்பது அநியாயம்.

எழுத்துக்கூட்டலையும் ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள். றம்புட்டானுக்கு ற போட்டால் ரகரத்தில் தொடங்கும் இன்னொரு சொல் அதன் மேல் ஓட முடியாது. பூசணியைப் பூசினி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அதனால் நடு எழுத்து ச என்பதைக் குறுக்குச் சொல் காட்டட்டும்.

எல்லாம் முடிந்தபின், கட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் குறிப்புகளை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், வீட்டில் கொடிக்காய் நட்ட பெரியவர் ஒருவர் இருந்தால் அவரிடம். அவர் வேறு விடை சொன்னால் எழுத்துக் கணக்கைப் பாருங்கள், கணக்கும் பொருந்தினால் குறிப்பைத் திருத்துங்கள். விடைகளை அதே தாளின் பின்பக்கத்தில் அச்சிட வேண்டாம், மெல்லிய தாளில் மை மறுபக்கம் தெரியும். தனித்தாளில் எடுத்து வைத்து, பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்த பிறகு கொடுங்கள்.